அஜாமிளன் கதையைப் பாதியில் நிறுத்தலாமா?

பாகவத உபந்யாசங்களில், நான் கேட்டவரையில், ஆறாம் ஸ்கந்தத்து அஜாமிளன் கதை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் முடிகிறது. கன்னியாகுப்ஜத்து அந்தணன் ஒருவன் நெறி தவறி, மனைவியைக் கைவிட்டு, திருடியும் ஏமாற்றியும் பிழைத்து, 88 வயதில் சாகக் கிடக்கிறான். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியின் பெயர் நாராயணன். யமதூதர்களைக் கண்ட பயத்தில் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறான். விஷ்ணுதூதர்கள் ஓடிவந்து அவனை விடுவிக்கிறார்கள். "கடைசி நேரத்தில் ஒரு நாமம் போதும்" என்று சொல்லி, மங்களம் பாடிவிடுகிறார்கள்.

மூலத்தில் அஜாமிளன் அன்று சாகவேயில்லை. இரு தரப்புத் தூதர்களும் போன பிறகு, தான் வாழ்ந்த வாழ்வை எண்ணி வெட்கி, வீட்டைத் துறந்து கங்காத்வாரத்துக்கு, அதாவது இன்றைய ஹரித்வாருக்குச் சென்று, மனத்தை அடக்கிப் பக்தியில் நிலைபெற்று, அதன் பின்னரே கங்கைக் கரையில் உடலை விடுகிறான். நாமம் அவனுக்கு முதலில் பெற்றுத் தந்தது அவகாசத்தைத்தான்.

இந்தப் பகுதியை விட்டுவிடுவதால் கதை சுருங்குவதோடு போவதில்லை. சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் நின்று "நாராயணா என்று ஒரு தடவை சொல்லுங்கள்" என்று பிள்ளைகள் மன்றாடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயில் குழாயோடு நினைவிழந்து கிடப்பவர் எதைச் சொல்வார்? சொல்லாமலே போய்விட்டால், அப்பாவுக்கு நல்ல கதி கிடைத்திருக்குமோ என்ற உறுத்தல் அந்த வீட்டில் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. கீதையின் எட்டாம் அத்தியாயம் அந்திம காலத்து நினைவைப் பற்றிப் பேசுவது உண்மை. ஆனால் அடுத்த மூச்சிலேயே "ஆகையால் எல்லாக் காலத்திலும் என்னை நினை" என்று அது சொல்வதை யாரும் அத்தனை உரக்கச் சொல்வதில்லை.

மரணப் படுக்கையை உள்ளபடி பார்த்தவர் என்று நான் நினைப்பது பெரியாழ்வாரை. "சோர்வினால் பொருள் வைத்ததுண்டாகில் சொல்லு சொல்லென்று" உறவினர் சுற்றியிருந்து நச்சரிக்க, வாய் திறக்க முடியாமல் கிடப்பவனை அவர் காட்டுகிறார். (இன்று அந்த இடத்தில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்போம், அவ்வளவுதான் வேறுபாடு.) அந்த நிலை வருவதற்கு முன்பே மாதவனை நெஞ்சில் நாட்டிக்கொள் என்பது அவர் அறிவுரை. திருவரங்கத்துப் பெருமாளிடம் தமக்காகப் பேசும்போது இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: "எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்". பெருமாளுக்குப் பல்லாண்டு பாடியவரே அப்போது தம்மால் நினைக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறார் என்றால், நம் வீட்டுப் பாட்டியிடம் அந்த நினைவை எந்த நியாயத்தில் எதிர்பார்க்கிறோம்? பிள்ளைக்கு நாரணன் என்று பெயரிட்டால் அவன் தாய் நரகம் புகமாட்டாள் என்று பாடியவரும் இதே ஆழ்வார்தான். நாமத்தின் பெருமையையும் உடலின் இயலாமையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும் மனம் அவருக்கு இருந்தது.

பின்னால் வந்த வைணவ மரபு இதைக் கொள்கையாகவே வகுத்துக்கொண்டது. காஞ்சி வரதராஜர் தம் அணுக்கத் தொண்டரான திருக்கச்சி நம்பிகள் வழியாக இராமானுசருக்குச் சொல்லியனுப்பியதாகக் குருபரம்பரை (ஆசாரியர்களின் வரலாறு) கூறும் ஆறு வார்த்தைகளில், அதாவது ஆறு செய்திகளில், ஒன்று, சரணடைந்தவனுக்கு அந்திமகால நினைவு வேண்டியதில்லை என்பது. வராக சரம சுலோகம் எனப்படும் வாக்கில், வராக அவதாரத்துப் பகவான் பூமாதேவியிடம், உடல் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கையில் நான் அவனை நினைக்கிறேன் என்கிறார். நினைக்கும் வேலை சாகிறவனிடமிருந்து இறைவனிடம் போய்விடுகிறது. சைவத்திலும் இந்தத் தெம்பு உண்டு. கொடுமுடியில் சுந்தரர், "நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே" என்று பாடுகிறார்.

அப்படியானால் காதில் நாமம் சொல்வதே வீணா என்று சிலர் கேட்கக்கூடும். நிச்சயமாக இல்லை. இருப்பவர்கள் சொல்லட்டும், துளசி தீர்த்தமும் கொடுக்கட்டும். படுத்திருப்பவர் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும் என்ற வற்புறுத்தலைத்தான் நான் மறுக்கிறேன். வைணவர் வீடுகளில் இறுதிச் சடங்கின்போது நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் உள்ள "சூழ்விசும்பு அணிமுகில்" பதிகத்தை மற்றவர்கள்தான் ஓதுகிறார்கள். அதில் மேகங்கள் வாத்தியம் முழக்குகின்றன, கடல் அலைகளைக் கைகளாக உயர்த்தி ஆடுகிறது, வைகுந்த வாசலில் வானவர் "எமதிடம் புகுக" என்று அழைக்கிறார்கள். வந்து சேர்பவரிடம் அங்கே யாரும், கடைசியாக என்ன சொன்னாய் என்று கேட்பதில்லை.