இருட்டறையில் நின்ற பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் நடந்த நம் கணினிக் கூடுகையைப் பற்றி மூன்று நாட்களாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் நடந்ததை முழுவதுமாக நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பென்னாகரம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்த அந்தக் கல்லூரி மாணவி, லாம்டாமூ என்னும் எழுத்துலகத்துக்குள், அதாவது படமே இல்லாமல் கட்டளைகளைத் தட்டியே பலர் ஒன்றாக உலவும் இணைய உலகத்துக்குள், விருந்தினராக நுழைந்து, இங்கே யார் இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் அப்படியே தட்டினார். பேச வேண்டுமானால் முன்னால் ‘சே’ என்ற கட்டளையையோ ஒரு மேற்கோள் குறியையோ இட வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. புரியவில்லை என்று திரையில் பதில் வந்தது. மேலும் மூன்று முறை தட்டினார், மூன்று முறையும் அதே பதில்தான். பெரிய திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். “ஹெல்ப் என்று அடித்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது” என்று ஒருவர் உரக்கச் சொன்னபோது, மற்றவர்கள் தலையாட்டியதையும் நான் பார்த்தேன்.

உள்ளே புதிதாக வருகிறவரின் முதல் ஒரு மணி நேரத்துக்கு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தான் பொறுப்பு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். லாம்டாமூவுக்குள் விருந்தினராகப் போகிறவர் முதலில் நிற்பது கோட்டுகள் மாட்டிவைக்கும் ஓர் இருட்டறையில். கோட்டுகள், பூட்ஸுகள், உறங்கும் மனிதர்கள் எல்லாம் மேலே இடிக்கின்றன என்றும், இடுப்பு உயரத்தில் ஒரு கதவுக் குமிழ் கைக்குத் தட்டுப்படுகிறது என்றும் எழுத்தில் வருகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் இதைத் தொடங்கியபோது, தம்முடைய வீட்டின் சாயலிலேயே அந்த மாளிகையை அமைத்தார். ‘அவுட்’ என்று தட்டினால் கதவு திறந்து வரவேற்பறைக்கு வந்துவிடலாம். மூன்று எழுத்துகள்தான். ஆனால் அந்த மூன்று எழுத்துகளை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒருவர் சொன்னார். 2003-இல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்தைய ஆண்டில், பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தொலைவிலுள்ள கணினியோடு எழுத்தால் இணைக்கும் டெல்நெட் வழியாக அதே இருட்டறைக்குள் போனேன். கையில் ஒரு மணி நேரத்துக்கான காசுதான் இருந்தது. முக்கால் மணி நேரம் அந்தக் கோட்டுகளுக்கு நடுவிலேயே நின்றேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்த கடைக்காரர், “வைரஸ் ஏத்துறியாடா?” என்று இரண்டு முறை வந்து கேட்டார். அழுகை வரும் நிலையில் இருந்தபோது, யாரோ ஒருவர் ‘பேஜ்’ கட்டளையில் எனக்குச் செய்தி அனுப்பினார். எந்த நாட்டவர் என்றுகூட எனக்குத் தெரியாது. ‘அவுட்’ என்று தட்டச் சொன்னார், தட்டினேன். உள்ளே உறங்குபவர்கள் விழித்துவிடாதபடி நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்ததாகத் திரை சொன்னது. ‘லுக்’ என்றால் சுற்றிலும் பார்க்கலாம், ‘@’ குறியோடு ‘ஹூ’ என்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும், ஒரு முக்காற்புள்ளியை இட்டு எழுதினால் செய்கையைக் காட்டலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில், பிறர் பார்க்கும்போது தெரிய வேண்டிய என் தோற்றத்தை நானே எழுதிக்கொள்ளலாம் என்றார். மாம்பழச் சாறு படிந்த சட்டை போட்ட ஒல்லியான பையன் என்று எழுதினேன். விருந்தினர் வெளியேறினால் அந்த வரி அழிந்துவிடும் என்று தெரிந்திருந்தும், கடைக்காரர் நேரம் முடிந்தது என்று சொல்லும் வரையில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பதினைந்து நிமிடங்களை எனக்குக் கொடுத்தவர், ஹெல்ப் படி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்லூரிக்குப் போகிறவர்கள் தாமே படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கிறீர்கள். படிப்பார்கள், ஆனால் முதல் நாளிலேயே எதைத் தேடுவது என்று தெரியாதவரிடம் நீளமான ஆங்கில உதவிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது கற்பித்தல் ஆகாது. ஒகேனக்கல்லில் முதன்முதலாகப் பரிசலில் ஏறுகிறவரிடம் பரிசல்காரர் அறிவிப்புப் பலகையைப் படிக்கச் சொல்வதில்லை. “நடுவுல கால வெச்சு உக்காருங்க, எந்திரிக்காதீங்க” என்று கையைப் பிடித்து ஏற்றுகிறார். அவருக்கு இருக்கும் பொறுப்பு நமக்கு ஏன் இல்லை?

படமும் ஒலியும் வந்துவிட்ட காலத்தில் இந்த எழுத்துலகம் எதற்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். பாலக்கோட்டில் இருக்கும் பார்வையற்ற என் நண்பர் திரையில் வரும் எழுத்தை உரக்கப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு இத்தகைய உலகங்களில் மணிக்கணக்காக உலவுகிறார். அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நேரம் குறைவு, கணினிகளும் குறைவு, நாற்பது பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று ஏற்பாட்டாளர்களில் ஒருவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிரிப்பதற்கு மட்டும் நேரம் இருந்ததே!

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கிய ‘மட்’, அதாவது லாம்டாமூ போன்றவற்றுக்கெல்லாம் முன்னோடியான எழுத்துலகம், 1980-இல் ரிச்சர்ட் பார்ட்டிலின் பொறுப்புக்கு வந்தது. ஒரு மாணவர் தொடங்கியதை இன்னொரு மாணவர் வாங்கிக்கொண்டு வளர்த்தார். இந்த உலகங்கள் தொடக்கத்திலேயே இப்படிக் கைமாறி வந்தவைதான். நாம் மட்டும் வாசலில் நின்றுகொண்டு தேர்வு வைக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவி முதலில் தமிழில்தான் தட்டிப் பார்த்தார். அந்தப் பழைய வழங்கி தமிழ் எழுத்துகளை ஏற்பதில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை. தன் மொழி செல்லாத இடத்தில், பழக்கமில்லாத மொழியில், அத்தனை பேர் பார்க்க நான்கு முறை முயன்ற ஒருவரைத்தான் சரிப்படாதவர் என்றோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரிதான், 68.54 விழுக்காடு. வெளியூர்க்காரர்கள் அந்த எண்ணைச் சொல்லி நம்மைக் குத்தும்போது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். சென்னையில் வேலைக்குப் போன முதல் மாதத்தில், “தர்மபுரியா? அங்கே கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கா?” என்று கேட்டவரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதே முகத்தை ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்களிடம் பார்த்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நானும் உடனே எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டம் கலைந்த பிறகுதான் போனேன். ஒரு தாளில் முகவரியையும் ஐந்து கட்டளைகளையும் தமிழில் விளக்கத்தோடு எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பேருந்துக்குப் போய்விட்டார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

நேற்று இரவு பத்தரை மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணா, வெளியே வந்துவிட்டேன். வரவேற்பறையில் ஒரு கொண்டைக்கிளி இருக்கிறது, பேசுகிறவர்களின் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்கிறது. நான் சொன்னதையும் சொன்னது.”