பாண்டாவை ‘வாழத் தெரியாத மிருகம்’ என்று சொல்கிறவர்களுக்கு

பாண்டா மரத்திலிருந்து பொத்தென்று விழுகிற ரீல்ஸ் எதை எடுத்தாலும் கீழே நாலு பேர் வந்துவிடுவார்கள். “இதெல்லாம் எப்படித்தான் இத்தனை வருஷம் உயிரோட இருக்கு?” “இயற்கையே வேண்டாம்னு சொன்னதை மனுஷன் காசைக் கொட்டிக் காப்பாத்துறான்.” மீம் போடுகிற பசங்கள் மட்டும் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். 2009-இல் பிரிட்டனின் இயற்கை நிகழ்ச்சித் தொகுப்பாளர் கிறிஸ் பேக்கம்கூட ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: பாண்டா போனால் போகட்டும், அந்தப் பணத்தை உருப்படியான வேறு வேலைக்குக் கொடுங்கள் என்று. பணத்தைப் பற்றி அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பாண்டா ஒரு கையாலாகாத மிருகம் என்ற பேச்சு இருக்கிறதே, அது சுத்தமாகத் தப்பு.

முதலில் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். பாண்டா கரடி இனம். குடல் இன்னமும் கறி தின்கிற மிருகத்தின் குடல்தான், நீளம் குறைவு, மாட்டுக்கு இருப்பது போல அறை அறையான இரைப்பையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு மூங்கிலைத் தின்கிறது, தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால் ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் மென்றுகொண்டே இருக்கவேண்டும். இதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் சிரிப்பு. சரி, வரவு குறைவு, ஒத்துக்கொள்கிறேன். செலவைப் பார்த்தீர்களா? 2015-இல் சீன ஆராய்ச்சியாளர்கள் பாண்டாக்கள் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கின்றன என்று அளந்தார்கள். அந்த எடையுள்ள பாலூட்டிக்கு எவ்வளவு எதிர்பார்ப்போமோ அதில் 38 சதவீதம்தான் வந்தது. தைராய்டு சுரப்பு மிகக் குறைவு, மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் உடம்பின் அளவுக்குச் சின்னது, உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமல் தடிமனான ரோமம். நீங்கள் சோம்பேறித்தனம் என்று நினைப்பது வரவறிந்து செலவு செய்கிற குடித்தனம்.

மூங்கிலையும் கண்ணை மூடிக்கொண்டு தின்பதில்லை. ஷான்சி மாகாணத்தின் சின்லிங் மலையில் இரண்டு வகை மூங்கில் உண்டு, ஒன்று அடிவாரப் பக்கம், இன்னொன்று உயரத்தில். வசந்தத்தில் கீழே முளைக்கும் குருத்தைத் தின்னும். அது முற்றியதும் மேலே ஏறிப்போய், அங்கே தாமதமாக முளைக்கும் இன்னொரு வகையின் குருத்தைப் பிடிக்கும், அப்புறம் இலை. எப்போது எதில் புரதம் அதிகமோ அதன் பின்னாலேயே போகிறது. 2019-இல் வந்த ஓர் ஆய்வின்படி, பாண்டா உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி புரதத்திலிருந்து வருகிறது. இது கிட்டத்தட்டக் கறி தின்கிற பிராணிகளின் கணக்கு. மூங்கிலைப் பிடித்து உரிக்க மணிக்கட்டு எலும்பு ஒன்று கட்டைவிரல் போல வளர்ந்திருக்கிறது. அந்தப் பொய்க் கட்டைவிரல் சுமார் 60 லட்சம் வருஷத்துக்கு முந்தைய புதைபடிவத்திலேயே இருக்கிறது. அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததைத்தான் இயற்கை கைவிட்டுவிட்டது என்கிறோம்.

அடுத்தது, “அதுக்குக் குட்டி போடக்கூடத் தெரியாது.” இந்தப் பேச்சு பிறந்த இடமே கூண்டுதான். பெண் பாண்டா வருஷத்துக்கு ஒரு முறை, வசந்தத்தில், ஒன்றிலிருந்து மூன்று நாள் வரைதான் கருத்தரிக்கும் நிலையில் இருக்கும். அந்த இரண்டு மூன்று நாளில், மனிதர்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஆணோடு, நமக்கு வசதியான அறையில் அது சேர்ந்தாகவேண்டும். 1972-இல் வாஷிங்டனுக்குப் போன லிங் லிங், சிங் சிங் ஜோடிக்குப் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றுகூடச் சில நாட்களுக்கு மேல் பிழைக்கவில்லை. ஹாங்காங்கில் யிங் யிங்கையும் லே லேயையும் சேர்த்துவைக்கப் பத்து வருஷம் போராடினார்கள். கொரோனாவால் பூங்கா பூட்டிக் கிடந்த 2020 ஏப்ரலில்தான் இரண்டும் முதன்முதலாக இயற்கையாக இணைசேர்ந்தன. (கூட்டம் இல்லாததுதான் காரணமா என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் உண்டு.) சீனாவில் ஒரு இனப்பெருக்க மையத்தில் பாண்டாக்களுக்கே துணையைத் தேர்ந்தெடுக்க விட்டுப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. பிடித்த துணையோடு விட்டால் இணைசேர்வதும் அதிகம், குட்டியும் அதிகம். இதற்கு ஆராய்ச்சி வேண்டியிருந்தது பாருங்கள்.

காட்டில் கதையே வேறு. வருஷம் பூராவும் மரத்துக்கு மரம் வாசனைக் குறி வைத்துப் போகும். ஆண் பாண்டா முன்னங்காலில் தலைகீழாக நின்று, எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் மூத்திரம் அடித்துவிட்டுப் போகும். பருவம் வந்ததும் ஒரு பெண்ணைச் சுற்றி இரண்டு மூன்று ஆண்கள் கூடிச் சண்டை போடும். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் பான் வென்ஷி 1980-களின் நடுவில் தொடங்கி சின்லிங்கில் மரம் வெட்டும் நிறுவனத்தின் காட்டுக்குள்ளேயே பல வருஷம் இருந்து இவற்றைப் பின்தொடர்ந்தவர். காட்டுப் பாண்டாவுக்குப் பிள்ளை பெறுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை, பிரச்சினை கோடாலிதான் என்று சொன்னார். அந்த இடம் பிறகு சாங்சிங் காப்பகமாக மாறியது.

இரட்டைக் குட்டி பிறந்தால் ஒன்றை விட்டுவிடுகிறது, கல்நெஞ்சக்காரி என்பார்கள். பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம், தாயின் எடையில் ஏறக்குறைய 900-இல் ஒரு பங்கு. கண் திறக்காது, தன் உடம்புச் சூட்டைக்கூடத் தானாகக் காத்துக்கொள்ள முடியாது. அம்மா நாள்கணக்கில் சாப்பிடாமல் குகையை விட்டு நகராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடக்கும். மூங்கில் தின்ற உடம்பில் இரண்டுக்குப் பால் எங்கிருந்து வரும்? மையங்களில் ஒன்றை இன்குபேட்டரில் வைத்து, இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்து, மாற்றி மாற்றி இரண்டையும் பிழைக்க வைக்கிறார்கள். அந்த வேலையை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்படியானால் எதனால் அழிவின் விளிம்புக்குப் போனது? மரம் வெட்டினோம், மலைச்சரிவில் வயல் போட்டோம், தோலுக்காகச் சுட்டோம். மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்ந்துபோகும். அந்தக் காலத்தில் பாண்டா பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு நடந்துபோய் வேறு மூங்கிலைத் தின்றது. 1970-களில் மின்ஷான் மலையில் மூங்கில் காய்ந்தபோது நடந்துபோக வழியில்லை, 138 பாண்டாக்கள் செத்துக் கிடந்தன. 1998-இல் யாங்சி ஆற்றில் பெரும் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கான மக்கள் செத்த பிறகுதான் மேல்மலைகளில் இயற்கைக் காட்டை வெட்டத் தடை வந்தது. பாண்டாவுக்குக் கிடைத்த ஆகப்பெரிய உதவி, பாண்டாவை நினைத்துச் செய்ததே இல்லை. 1980-களின் கணக்கெடுப்பில் காட்டில் 1,114, அடுத்ததில் 1,596, 2015-இல் வெளியானதில் 1,864. எண்ணும் முறையும் பரப்பும் மாறியதால் மூன்றையும் அப்படியே ஒப்பிடக்கூடாது, இருந்தாலும் ஏறுமுகம்தான். 2016-இல், அழியும் ஆபத்தில் இருக்கிற உயிரினங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலிலும் ‘அருகிவரும் இனம்’ (Endangered) என்ற பிரிவிலிருந்து ஒரு படி இறங்கி ‘அழிய வாய்ப்புள்ள இனம்’ (Vulnerable) என்ற பிரிவுக்கு வந்துவிட்டது.

இப்போது அந்தப் பாதி நியாயம். பாண்டாவைக் காப்பாற்றினால் அந்தக் காடே காப்பாற்றப்படும் என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள். 2020-இல் வந்த ஆய்வு பாண்டா காப்பகங்களின் பழைய பதிவுகளையும் இப்போதைய கேமரா படங்களையும் ஒப்பிட்டது. 1960-களுக்குப் பிறகு 81 சதவீதக் காப்பகங்களிலிருந்து சிறுத்தை காணாமல்போயிருக்கிறது. ஓநாய் 77 சதவீதத்திலிருந்து. செந்நாய் 95 சதவீதத்திலிருந்து! நம் முதுமலையில் கூட்டமாக மான் விரட்டுகிற அதே செந்நாய்தான். பறவைகளுக்கும் சின்னப் பிராணிகளுக்கும் பாண்டாவால் நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சில சதுர கிலோமீட்டரில் மூங்கில் தின்று வாழ்கிற மிருகத்துக்கு அளவெடுத்துத் தைத்த காப்பகம், நூறு சதுர கிலோமீட்டர் கேட்கிற வேட்டை மிருகத்துக்கு எப்படிப் போதும்?

இன்னொரு பக்கம் கூண்டில் 700-க்கு மேல் பாண்டாக்கள். ஒரு ஜோடியை வாடகைக்கு எடுக்க வெளிநாட்டுப் பூங்காக்கள் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை கொடுக்கின்றன, பிறக்கும் குட்டியும் சீனாவுக்குத்தான் சொந்தம். சிங்கப்பூரில் 2021-இல் பிறந்த லே லே (ஹாங்காங் லே லே வேறு) 2024 ஜனவரியில் கிளம்பிப் போனது அப்படித்தான். இத்தனை கூண்டுப் பாண்டாக்களில் இதுவரை காட்டில் விடப்பட்டவை பத்துக்குச் சற்று மேல். 2006-இல் முதலில் விட்ட சியாங் சியாங் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை, காட்டு ஆண்களோடு சண்டை போட்டுச் செத்தது. அதற்குப் பிறகு குட்டிகளை அம்மாவோடு மலையிலேயே வளர்த்து, ஊழியர்கள் பாண்டா உடை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்து, நிலைமை கொஞ்சம் தேறியது. அதிலும் நல்ல மனிதர்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் குட்டி பிறந்தால் உலகச் செய்தி, பிரிந்து கிடக்கிற காடுகளை இணைக்கிற வழித்தடம் திறந்தால் ஒரு வரிகூட வராது.

எனக்கு முக்கியமாகப் படுவது வழித்தடம்தான். காட்டுப் பாண்டாக்கள் 30-க்கு மேற்பட்ட தனித்தனிக் கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன, பலவற்றில் பத்து பாண்டாகூட இல்லை. அப்படிப்பட்ட கூட்டம் வெளியிலிருந்து ஒரு ஆணோ பெண்ணோ வந்து சேராவிட்டால் சில தலைமுறையில் முடிந்துவிடும். சிச்சுவானில் நீபா மலைக்கு அடியில் 10 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி 2012-இல் அதிவேகச் சாலையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மேலே பழைய சாலையில் லாரிகள் குறைந்தன, இரண்டு பக்கக் காடும் சேர இடம் கிடைத்தது. 2021-இல் பழைய காப்பகங்கள் பலவற்றைச் சேர்த்து 22,000 சதுர கிலோமீட்டருக்கு தேசியப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் இப்படி இன்னும் நாலு இடத்தில் சாலையைப் பூமிக்குள் தள்ளி, செந்நாயும் சிறுத்தையும் திரும்பிவர இடம் கொடுத்தால், செலவாகிற பணத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இருக்காது.