வெட்ச் தன் பெயரைச் சொன்ன பக்கம்

‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலை நேற்று நள்ளிரவில் நான்காவது முறையாகப் படித்து முடித்தேன். உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968இல் வெளியான சிறிய நாவல். புத்தகத்தை மூடிய பிறகும் நெடுநேரம் விளக்கை அணைக்க மனம் வரவில்லை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த நிழலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னை ஒவ்வொரு முறையும் அழவைப்பது நிழல் இல்லை, நடுவில் வரும் ஒரு விடைபெறல். அதைச் சொல்வதற்குக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எர்த்சீ என்பது கடலும் தீவுகளுமான உலகம். அங்கே கல், மீன், மனிதன் எல்லாவற்றுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அது தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் வசப்படும். அதனால் மனிதர்கள் ஊருக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டு மெய்ப்பெயரை உயிர்போல ஒளித்து வைத்திருப்பார்கள். கோன்ட் தீவில் ஒரு கொல்லனுக்குப் பிறந்த பையனுக்குப் பதின்மூன்று வயதில் ஓகியன் என்ற மந்திரவாதி ‘கெட்’ என்ற மெய்ப்பெயரைச் சூட்டுகிறார். ஊர் அவனை ஸ்பாரோஹாக் என்றே அழைக்கிறது.

அபாரத் திறமை, அதைவிட அதிகமான அகந்தை. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஜாஸ்பர் என்ற மாணவனுடன் ஏற்பட்ட வீம்பில், இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைத்துக் காட்டுகிறேன் என்று இறங்குகிறான். அழைத்தும் விடுகிறான். ஆனால் அவன் கிழித்த இருட்டின் வழியே வேறொன்றும் வெளியே வந்து அவன் முகத்தைக் கீறுகிறது. எல்லோரும் பேசும் அந்த நிழல் இதுதான். அந்தப் பிளவை மூடுவதற்குத் தன் சக்தி முழுவதையும் செலவழித்த முதுபெரும் மந்திரவாதி நெமர்லே இறந்துபோகிறார். ஒரு சிறுவனின் வீம்புக்கு ஒரு பெரியவரின் உயிர்.

அதன் பிறகு வரும் பக்கங்கள்தான் என்னை உலுக்குகின்றன. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. எழுந்து வரும்போது முகத்தில் தழும்பு, பேச்சில் தயக்கம், மந்திரம் சொல்லவே அச்சம். ஒரு காலத்தில் இவன் அதிகாரம் செய்த பையன்கள் படிப்பில் முன்னே போய்விட்டார்கள். இவன் தன்னைவிட இளையவர்களோடு உட்கார்ந்து படிக்கிறான். அப்போது வெட்ச் விடைபெற வருகிறான். படிப்பை முடித்து, கிழக்கே தன் தீவுக்குப் புறப்படும் நண்பன். கிழக்குப் பக்கம் வந்தால் என்னிடம் வா, தேவைப்பட்டால் என் பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறான். சொல்லிவிட்டுத் தன் மெய்ப்பெயரை அவனிடம் கொடுக்கிறான்: எஸ்டாரியோல்.

யாரிடம் கொடுக்கிறான் என்று பாருங்கள். கையில் கிடைத்த சக்தியால் ஒரு சாவுக்குக் காரணமானவனிடம். தன்னையே நம்பாமல் குன்றிப்போய் நிற்பவனிடம். ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லை, ‘உன் தவறு இல்லை’ என்ற பொய்யும் இல்லை. தன் உயிரைத் தூக்கி அவன் கையில் வைத்துவிடுகிறான். சற்று நேரம் கழித்து இவனும் மெல்லச் சொல்கிறான், என் பெயர் கெட் என்று.

முதல் வாசிப்பில் இந்த இடம் என் கண்ணில் படவே இல்லை. சின்ன வயது, டிராகன் எப்போது வரும் என்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை எடுத்தபோது என் வாழ்க்கையில் ஒரு காரியம் கெட்டிருந்தது. என் அவசரத்தால் நடந்தது. அதன் பலனை வேறொருவர் அனுபவித்தார். யாரும் என்னைத் திட்டவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு தோழி மட்டும் அந்த வாரத்தில் வந்து, தன் வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஊருக்குப் போகிறேன், நீ வைத்திரு என்றாள். எஸ்டாரியோல் என்ற சொல்லைப் படித்ததும் அந்தச் சாவியின் கனம் உள்ளங்கையில் திரும்பி வந்தது. அதற்குமேல் படிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் அவனைவிடக் கறுப்பு. கொள்ளையடிக்க வரும் கார்க் இனத்தவர்தான் வெள்ளையர்கள். லெ குவின் இதைத் தெரிந்தேதான் எழுதினார். அப்படியும் பல பதிப்புகளின் அட்டை ஓவியங்கள் நாயகனை வெள்ளையாகவே காட்டின. 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அதையே செய்தது. அவர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். என் நிறத்தில் ஒரு மந்திரவாதியை அந்த வயதில் கண்டதன் சந்தோஷத்தை நினைக்கும்போது, அவருடைய கோபம் எனக்கும் வருகிறது.

கடைசியில் கெட் நிழலைத் துரத்திக்கொண்டு கடலின் எல்லைக்கே போகிறான். வெட்ச் கூடவே படகில் போகிறான். கெட் நிழலை எதிர்கொண்டு தன் பெயரையே சொல்லி அழைக்கிறான். அதே நொடியில் நிழலும் அதே பெயரைச் சொல்கிறது. எல்லோரும் கொண்டாடும் இடம் அது, கொண்டாடத் தக்கதுதான்.

ஆனால் அதற்குப் பிறகு, படகு திரும்பும்போது, அவசரமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடும் ஒரு வாக்கியம் இருக்கிறது. தன்னுடன் படகில் இருப்பது நண்பனா, அவன் உருவத்தில் வந்த தீமையா என்று வெட்சுக்குத் தெரியவில்லை. அது நிழலாக இருந்தால் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. நடுக்கடலில் படகின் பலகையை உடைத்து மூழ்கடித்துவிட வேண்டும். அதில் அவனும்தான் மூழ்குவான். அதற்காக மணிக்கணக்கில் நங்கூரத்தின் அருகிலேயே கையை வைத்திருக்கிறான். பெயரைக் கொடுத்தவனின் கை அது. பிறகு கெட் பேசுகிறான், முகத்தைக் கைகளில் புதைத்துச் சிறுவனைப் போல அழுகிறான். அதைப் பார்த்த பிறகு அந்தக் கைக்கு நங்கூரம் தேவைப்படவில்லை.