நெருக்கடி நிலையிலும் 21-வது பிரிவு நிற்கும்

நெருக்கடி நிலை அறிவித்துவிட்டால், அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இன்றைய சட்டம் அப்படி இல்லைங்க.

அவர் சொல்வது 1976-இல் நடந்தது. காவலில் வைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்கள் (காவல் சட்டப்படியானதா என்று நீதிமன்றம் பார்க்கக் கோரும் மனுக்கள்) செல்லாது என்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், ஐந்தாவது நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். அந்த ஒற்றைக் குரலை இப்போது நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது. 1978-இல் வந்த அரசியலமைப்பின் 44-வது திருத்தம் இதை மாற்றிவிட்டது. 2017-இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றமே பழைய தீர்ப்பைத் தவறென்று நீக்கியது.

யாரும் சரிபார்க்கலாம். மத்திய சட்ட அமைச்சகத் தளத்தில் அரசியலமைப்புச் சட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. நெருக்கடி நிலையில் உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதை நிறுத்திவைப்பது பற்றிய 359-வது பிரிவின் முதல் உட்பிரிவைப் பாருங்கள். மூன்றாம் பாகத்தின் உரிமைகள், அதாவது அடிப்படை உரிமைகள், என்று சொன்ன கையோடு, அடைப்புக்குறிக்குள் ‘20, 21 நீங்கலாக’ என்ற பொருளில் சில சொற்கள் இருக்கும். பக்கத்தின் அடிக்குறிப்பில் 44-வது திருத்தம் என்றும் போட்டிருக்கும். பதிவைத் திருத்திவிட்டால் நல்லது நண்பரே, பலர் பகிர்கிறார்கள்.