28 வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா அது சாட்சியே இல்லையா?

கூடலூர் பந்தலூர் பக்கம் இருக்குறவங்களுக்கு வயநாட்டு திருநெல்லின்னா செத்துப்போன அப்பா அம்மாவுக்கு திதி குடுக்கப் போற ஊரு, பாபநாசினி ஓடைல முங்கிட்டு வர்ற ஊரு. ஆனா அந்த காட்டுலதான் 1970 பிப்ரவரி 18ம் தேதி நக்சலைட் வர்கீஸ் செத்தாரு. அந்த கேஸ பத்தி போன வாரம் எங்க சேரம்பாடி டீக்கடைல ஒரு பெரிய வாக்குவாதம், அங்க சொல்ல முடியாம போனத இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

கேஸ் தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா. போலீஸ் அன்னைக்கு சொன்னது என்கவுன்டர், ரெண்டு பக்கமும் துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, அதுல வர்கீஸ் செத்தாருன்னு. 28 வருஷம் அதுதான் ரெக்கார்டு. 1998ல ராமச்சந்திரன் நாயர்னு ஒரு பழைய கான்ஸ்டபிள், "சண்டையெல்லாம் நடக்கல, உயிரோட பிடிச்சோம், கையைக் கட்டி வச்சிருந்தோம், டிஎஸ்பி லட்சுமணா சொல்லித்தான் நான் சுட்டேன்"னு வெளிய சொன்னாரு. கேரளா ஹைகோர்ட் கேஸ சிபிஐ கிட்ட குடுத்துச்சு.

டீக்கடைல அண்ணன் ஒருத்தர் கேட்ட கேள்வி இதுதான். இத்தன வருஷம் சம்பளம் வாங்கிட்டு சும்மா இருந்தவன் ரிட்டையர் ஆனப்புறம் பேசினா எவன் நம்புவான்? முதல்ல சொன்னதுதானே உண்மையா இருக்கும்?

எனக்கு இதுல கோவமே வருது. அண்ணே, சாட்சி லேட்டா வந்துச்சான்னு பாக்குறதுக்கு முன்னாடி அத சொன்னதால அந்த ஆளுக்கு என்ன கிடைச்சுச்சு என்ன போச்சுன்னு பாருங்க. என்கவுன்டர்னு எழுதினவங்களுக்கு அப்படி எழுதுறதுல லாபம் இருந்துச்சு, உயிரோட பிடிச்சு சுட்டோம்னு எழுதினா எல்லாரும் உள்ள போகணும்ல. நாயர் வாயைத் திறக்காம இருந்திருந்தா அவரு பென்ஷனோட நிம்மதியா இருந்திருப்பாரு, யாரும் அவரைத் தேடி வந்திருக்க மாட்டாங்க. திறந்ததால என்ன ஆச்சு? கொலை கேஸ்ல முதல் குற்றவாளி ஆனாரு. தன் கழுத்துல தானே கயிறு போட்டுக்கிறவன் சொல்றத அவ்வளவு லேசா தள்ளிட முடியாது.

அதுக்காக அவரு சொன்ன எல்லாத்தையும் அப்படியே முழுங்கணும்னு நான் சொல்லல. சுட மாட்டேன்னு நின்னப்ப, நீ சுடலன்னா உன்னையும் சுட்டு அதுவும் என்கவுன்டர்ல போச்சுன்னு சொல்லிடுவோம்னு மிரட்டினாங்கன்னு அவரு சொன்னாரு பாருங்க, அந்த பகுதி அவரோட தப்பைக் குறைக்கிற பகுதி, அத உரசிப் பாத்துதான் எடுக்கணும். கூட்டாளி குற்றவாளி சொல்றத வேற ஆதாரம் இல்லாம நம்பி இன்னொருத்தன தண்டிக்கிறது ஆபத்துன்னு நம்ம கோர்ட்டுங்க காலங்காலமா சொல்லிட்டுதான் வருது, நியாயமான பேச்சு அது.

அங்கதான் ஹனீஃபா வர்றாரு. எனக்கு இந்த கேஸ்ல பெரிய மனுஷன் அவருதான். சிஆர்பில, அதாவது மத்திய ரிசர்வ் போலீஸ் படைல, கான்ஸ்டபிளா இருந்தவரு. நாயருக்கு இருந்த குற்ற உணர்ச்சியும் அவருக்கு இருந்திருக்கணும்னு அவசியமில்ல, ஏன்னா சுட்டது அவரு இல்ல. அவரும் வர்கீஸ உயிரோட பிடிச்சாங்கன்னு சொன்னப்பதான் நாயர் பேச்சுக்கு கால் முளைச்சுச்சு. ரெண்டு பேரு, முக்கியமான இடத்துல ஒரே விஷயம்.

2010 அக்டோபர்ல கொச்சி சிபிஐ கோர்ட் லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. இன்னொரு பெரிய அதிகாரி விஜயன சந்தேகத்தோட பலன குடுத்து விட்டுச்சு. உடனே ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு, சாட்சி நிஜம்னா ரெண்டு பேரும் உள்ள போகணும், பொய்யின்னா ரெண்டு பேரும் வெளிய வரணும், இது என்ன பாதி நியாயம்னு. அப்படி இல்லைங்க. ஒரு இடத்துல இடிச்சா மொத்த சாட்சியும் குப்பைங்கிற கணக்க நம்ம நாட்டு கோர்ட் ஏத்துக்கறதே இல்ல, நெல்லு வேற பதர் வேறன்னு புடைச்சுதான் எடுக்கும். யார் கிட்ட நேரடி சாட்சி போய் நிக்குது, யார் கிட்ட நிக்கலன்னு பாத்து பிரிச்சாங்க. அந்த விடுதலை எனக்கு கசப்புதான், ஆனா அப்படிப் பிரிச்சுப் பாத்த கோர்ட்டுங்கிறதாலதான் தண்டனையையும் நான் நம்புறேன்.

வர்கீஸ் தரப்பையும் சொல்லிடணும். அவர் கூட்டத்து மேல அடிகாங்கிற ஜமீன்தாரைக் கொன்ன கேஸ் இருந்துச்சு, அது சின்ன விஷயம் இல்ல, அதுக்கு கோர்ட்ல நிறுத்தியிருக்கணும். கை கட்டின ஆளை காட்டுல வச்சு சுடுறதுக்கு அது காரணம் ஆகாது.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது வயநாட்டு பழங்குடி அடியர் ஜனங்கதான். வள்ளியூர்க்காவு திருவிழால வருஷக் கூலிக்கு பேசி கூட்டிட்டுப் போன ஜனங்க, வர்கீஸ பெருமன்னு, அதாவது தங்க தலைவன்னு, கூப்பிட்டவங்க. போலீஸ் எழுதின பேப்பர் 28 வருஷம் நின்னுச்சுன்னா அந்தக் காட்டுலயே வாழ்ந்த அந்த ஜனங்க பேச்சுக்கு யாரும் காது குடுக்கலங்கிறதும் அதுல ஒரு காரணம்தானே? நாயர் 2006ல தீர்ப்பு கேக்காமயே செத்துட்டாரு. வர்கீஸ் குடும்பத்துக்கு 50 லட்சம் நஷ்டஈடு குடுக்குறதுன்னு முடிவாகுறதுக்கு 2021 ஆச்சு.

அண்ணே, நீங்க இத படிச்சா கமெண்ட்ல வாங்க. ஹனீஃபா சொன்னத எப்படி தள்ளுறீங்கன்னு மட்டும் எனக்கு சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.