டீமக்ஸில் கீ மாற்றும் முன், அந்த கீ இப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள்

யாரோ எழுதிய நீளமான டீமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பயன்படுத்தும் மென்பொருள்) கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி செய்து போட்டுக்கொள்ளாதீர்கள். டெர்மினலில் சும்மா கிடக்கும் கீ என்று அநேகமாக எதுவுமே இல்லை. நீங்கள் எடுக்கும் ஒவ்வொன்றும் பாஷிடமிருந்தோ (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) விம்மிடமிருந்தோ (டெக்ஸ்ட் எடிட்டர்) டீமக்ஸிடமிருந்தோ பிடுங்கியதுதான்.

முதலில் ப்ரிஃபிக்ஸ், அதாவது டீமக்ஸ் கட்டளைகளுக்கு முன்னால் அழுத்தும் கீ. டீஃபால்ட்டான கண்ட்ரோல்+பி கைக்கு எட்டவில்லை என்று பலரும் கண்ட்ரோல்+ஏ-க்கு மாறுகிறார்கள். டீமக்ஸ் போன்ற பழைய மென்பொருளான ஜிஎன்யூ ஸ்க்ரீனில் பழகிய விரல்களுக்கு அது சரி. ஆனால் பாஷில் வரியின் தொடக்கத்துக்குப் போவதும் அதே கீ. ஆகவே ப்ரிஃபிக்ஸை மாற்றும் வரியோடு நிறுத்தாமல், அதே கீயை செண்ட்-ப்ரிஃபிக்ஸ் கட்டளைக்கும் பைண்ட் செய்யுங்கள் (அதாவது, இணையுங்கள்). இரண்டு முறை அழுத்தினால் உள்ளே ஓடும் பாஷுக்குப் போகும். ரிமோட் சர்வரில் இன்னொரு டீமக்ஸ் ஓடினாலும் இதே வழிதான். என் தேர்வு கண்ட்ரோல்+ஸ்பேஸ். ஃப்சிடிக்ஸ் என்ற மொழி உள்ளீட்டு மென்பொருளை வைத்துத் தமிழ் டைப் செய்பவர்கள் மட்டும் கவனியுங்கள்: அதன் டீஃபால்ட் மொழிமாற்று கீயும் அதுவே, டெர்மினல் வரை வந்து சேராது.

பேன் (திரையைப் பிரித்த ஒரு பகுதி) பிரிக்க % கீயும் " கீயும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. நெடுங்கோட்டையும் (|) சிறுகோட்டையும் (-) வைத்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம். ஸ்ப்ளிட்-விண்டோ கட்டளையில் பக்கவாட்டில் பிரிக்க மைனஸ் ஹெச், மேல்கீழாகப் பிரிக்க மைனஸ் வி. கூடவே மைனஸ் சி கொடுத்து இப்போதைய பேனின் பாதையையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது பேன் செஷன் தொடங்கிய ஃபோல்டரில் போய் நிற்கும்.

பேன்களுக்கிடையே நகர ஹெச், ஜே, கே, எல் வைப்பது நல்ல பழக்கம். எல் கீயில் இருந்த ‘கடைசி விண்டோ’ வசதி போய்விடும், அதற்கு வேறு கீ கொடுங்கள். இங்கே பலர் பைண்ட் வரியில் ரிப்பீட்டுக்கான (ப்ரிஃபிக்ஸை மறுபடி அழுத்தாமலே கீ திரும்ப வேலை செய்வதற்கான) மைனஸ் ஆர் சேர்த்துவிடுகிறார்கள். அது வேண்டாம். ரிப்பீட் நேரம் டீஃபால்ட்டாக 500 மில்லிசெகண்ட். பேன் மாறிய கையோடு எல்எஸ் என்று டைப் செய்தால், ‘எல்’ இன்னொரு பேனுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ‘எஸ்’ மட்டும் அங்கே போய் விழும். பேன் அளவை மாற்றும் கீகளுக்கு மட்டும் மைனஸ் ஆர் போதும்.

ப்ரிஃபிக்ஸ் இல்லாமல் நேரடியாக வேலை செய்யும் மைனஸ் என் பைண்டிங்தான் அதிகம் சேதம் செய்வது. ஆல்ட்+பி, ஆல்ட்+எஃப் இரண்டையும் எடுத்தால் பாஷில் சொல் சொல்லாக நகர முடியாது. கண்ட்ரோல்+ஐ வைத்தால் டேப் கீ போச்சு, கண்ட்ரோல்+எம் வைத்தால் எண்டர் போச்சு. சாதாரண டெர்மினல் இந்த ஜோடிகளுக்கு ஒரே பைட்டைத்தான் அனுப்புகிறது.

விம்மில் எஸ்கேப் அழுத்தினால் தாமதமா? ஆல்ட் சேர்த்த கீ, எஸ்கேப்பும் அந்த எழுத்துமாகத்தான் வருகிறது. அடுத்து எழுத்து வருமா என்று டீமக்ஸ் காத்திருக்கிறது. 3.5-க்கு முந்தைய பதிப்புகளில் அந்தக் காத்திருப்பு 500 மில்லிசெகண்ட். எஸ்கேப்-டைமை 10 அல்லது 20 ஆக்குங்கள். பூஜ்யம் வைத்தால் மெதுவான எஸ்எஸ்ஹெச் இணைப்பில் ஆல்ட் கீகள் உடைந்து வரும்.

இன்னொன்று, கான்ஃபிக்கில் ஒரு பைண்ட் வரியை அழித்துவிட்டு ரீலோட் செய்தாலும் பழைய பைண்டிங் போகாது, பின்னணியில் ஓடும் டீமக்ஸ் சர்வர் அதை நினைவில் வைத்திருக்கும். அன்பைண்ட் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கில்-சர்வர் கொடுத்தாலும் தீரும், ஆனால் எல்லா செஷன்களும் சேர்ந்தே போகும். அதனால் புது கான்ஃபிக்கைச் சோதிக்க மைனஸ் பெரிய எல் கொடுத்து வேறு சாக்கெட் பெயரிலும், மைனஸ் எஃப் கொடுத்து அந்த ஃபைலோடும் தனி சர்வர் ஒன்றைத் தொடங்குங்கள். அதற்குள் ப்ரிஃபிக்ஸும் கேள்விக்குறியும் அழுத்தினால் எந்த கீ எதற்கு என்ற பட்டியல் வரும்.