பாரும் பாட்டும்

கூட வேலை பார்க்கிற ஒரு அக்கா போன வாரம் கேட்டாங்க. "ஏத்தா, கடல் போச்சு கடல் போச்சுன்னு பார்க்குறவங்ககிட்டயெல்லாம் புலம்புற. பஸ்ல பார்த்தா காதுல எந்நேரமும் பாட்டு. அம்புட்டுக் கவலை இருக்கவளுக்குப் பாட்டு எப்படித்தா இறங்குது?"

கிண்டலாத்தான் கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ராம்நாட்டுல பஸ் ஏறி, உச்சிப்புளி தாண்டி, காத்துல உப்பு தட்டுற வரைக்கும் அதே நினைப்பு. காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டேன். என்னமோ களவாண்ட மாதிரி.

எங்க ஊரு பாம்பன் பக்கம். அம்மா பாசிக்குப் போறவங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: வத்தைங்கிற சின்னப் படகுல ஏறிப் போயி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடிச்சு முழுகி, பாறையில ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலயே பறிக்கணும். பாறை கத்தி மாதிரி. அதனால விரல்ல எல்லாம் துணி சுத்திக்குவாங்க, பழைய சேலையைக் கிழிச்ச துணி. மாசம் 12 நாளுதான் போறதுன்னு பாசிப் பொம்பளைங்களே பேசி வச்ச கணக்கு. பாசி மறுபடி வளரணும்ல. இதுக்கு யாரும் அவங்களுக்கு மாலை போட்டதா எனக்குத் தெரியல.

வத்தை கரைக்குத் திரும்புறப்பதான் அம்மா துணியை ஒவ்வொரு விரலா அவிழ்ப்பாங்க. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, வேக வச்ச பனங்கிழங்கைத் தோல் உரிச்சாப்ல இருக்கும். அப்ப வாய் தானா ஒரு பாட்டை முனகும். பாதி வார்த்தை இருக்காது. எங்களைத் தொட்டில்ல போட்டு ஆட்டுனதும் அதே மெட்டுத்தான். அப்பத்தா செத்தப்ப தலைமாட்டுல உட்கார்ந்து ஒப்பாரி வச்சதும் அதே மெட்டுத்தான். சின்ன வயசுல எனக்கு அது பயமா இருந்துச்சு. தூங்க வைக்கிற பாட்டும் வழியனுப்புற பாட்டும் ஒண்ணா இருக்கலாமா?

பள்ளிக்கூடத்துல ஐந்திணை வந்துச்சு. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், யாழ் விளரி யாழ், பண் செவ்வழி. மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியாச்சு. நம்ம கரையைப் பத்தித்தான் எழுதியிருக்குன்னு அப்பத் தோணவே இல்ல. கடற்கரைக்காரங்களுக்குன்னு ஒதுக்குன பாட்டே வருத்தத்துக்கான பாட்டுத்தான். அதை இத்தனை வருசம் கழிச்சு, பஸ் ஜன்னல்ல தலையை வச்சுக்கிட்டு யோசிச்சேன்.

வருத்தம் ஒண்ணும் சும்மா வரல. மன்னார் வளைகுடாவுல 21 தீவு, 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. அந்த 21ல பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள்ள போயிருச்சு. 2010ல ஒருக்க, 2016ல ஒருக்க பார் வெளுத்துச்சு. பவளப்பாறையை நாங்க பார்னுதான் சொல்லுவோம். பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அதுதான் பவளத்துக்குச் சோறு போடுது, நிறமும் குடுக்குது. தண்ணி சூடேறி நாள்கணக்கா நின்னுச்சுன்னா பவளம் அந்தப் பாசியை வெளிய தள்ளிரும். அப்புறம் எலும்பாட்டம் வெள்ளையா நிக்கும். சூடு சீக்கிரம் தணிஞ்சாப் பிழைக்கும், இல்லேன்னா அம்புட்டுத்தான். 2016ல ஒருநாள் அம்மா வந்து, "பாரெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்ல கிடக்குடி"ன்னாங்க. அன்னைக்கு வத்தையில அவங்க முனகவே இல்லையாம். கூடப் போன மதினி சொன்னாக.

வளர்க்கன்னு கொண்டாந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பார்மேல போர்வையாட்டம் படர்ந்தது தனிக்கதை. 2025ல நம்ம மாவட்டத்துல 20 இடத்துல ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறுன்னு செய்தி. எதிர்ப்பு கிளம்புனதும், குடுத்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லுச்சு மாநில அரசு. சந்தோசம். ஆனா அந்த ஆகஸ்ட் மாசம் நான் முழுசாத் தூங்கல.

எல்லாப் பழியையும் வெளியாள் மேல போடவும் மனசு வரல. எங்க பழைய வீட்டுச் சுவத்துலயே கடக்கல்லு, அதான் பவளக்கல்லு, இருக்கு. பவளத்தை வெட்டிக் கொண்டாந்து சுண்ணாம்புக்குச் சுட்டதும், வீடு கட்டுனதும் இதே கரைதான். பூச்சு உதிர்ந்த இடத்துல விரலை வச்சா தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாத் தட்டுப்படும். அந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் நான் பாட்டுக் கேக்குறது.

தூக்கம் வராத ஒரு ராத்திரி யூடியூப்ல பத்து மணி நேரம் ஓடுற கடல் அலைச் சத்தத்தைப் போட்டேன். எரிச்சல்தான் வந்துச்சு. எந்தக் கடலோ அது! எங்களுக்கு ரெண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெக்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். கச்சான் காத்துக்கு ஒரு சத்தம், வாடைக் காத்துக்கு வேற சத்தம். போன்ல வந்த அலை எந்தக் காத்துக்கும் அசையல. அந்த மாதிரி மரத்துப்போக வைக்கிற சத்தத்தை அக்கா திட்டுனாங்கன்னா நானும் சேர்ந்து திட்டுவேன்.

கடல் ஓசை 90.4 அப்படி இல்ல. 2016ல பாம்பன்ல ஆரம்பிச்ச சமுதாய வானொலி. அடுப்படியில அது பாடுறப்ப அம்மா தலை ஆடும். காத்து நிலவரம் வந்தா கரண்டி அப்படியே நின்னுரும். முடிஞ்சதும் மறுபடி பாட்டு, மறுபடி தலை ஆடும்.

தாத்தா காலத்துக் கரைவலையில பாடுன அம்பாப் பாட்டும் இந்தச் சாதிதான். ஏலேலோன்னு இழுக்குறது எல்லார் கையும் ஒண்ணா விழுறதுக்கு. மீன் படாத நாளும் பாடித்தான் இழுத்தாகணும். வெறும் வலையும் கனக்கும்ல.

ஆஸ்திரேலியாவுல நடந்த ஒரு ஆய்வு, 2019ல வெளியானது. உயிருள்ள பார்ல இறால் சொடுக்குறது, மீன் உறுமுறதுன்னு எந்நேரமும் இரைச்சலா இருக்குமாம். சீரழிஞ்ச பார்ல அந்தச் சத்தம் அடங்கிப் போயிருமாம். செத்த பவளத் துண்டுகளைக் குவிச்சு வச்சு, பக்கத்துல ஒலிபெருக்கியை இறக்கி, நல்ல பாரோட சத்தத்தை 40 நாள் போட்டிருக்காங்க. சத்தம் போடாத குவியலை விட ரெண்டு மடங்கு மீன் வந்திருக்கு, வந்தது தங்கவும் செஞ்சிருக்கு. சத்தம் மட்டும் பாரை எழுப்பிராதுன்னு அவங்களே சொல்றாங்க. ஆனா படருற பாசியை மேய, அங்க இருந்து வேலை பார்க்க, முதல்ல மீன் வரணுமே.

மறுநாள் இதை அக்காகிட்டச் சொன்னேன். "அப்ப நீ மீனா?"ன்னு சிரிச்சாங்க. "ஆமாக்கா, சத்தம் கேக்கலேன்னா என்னைக்கோ திருப்பூருக்குப் போயிருப்பேன்"னு சொன்னேன். சிரிப்பு நின்னுச்சு. அவங்க மகன் அங்கதான் இருக்கான்.

ஞாயித்துக்கிழமை அம்மாவை உட்கார வச்சு அந்த மெட்டைப் போன்ல பதியப் பார்த்தேன். வரல. "கையில ஈரத்துணி இல்லாம எப்படிடி வரும்?"னாங்க. துணிகளை எடுத்தாந்து, உப்புத் தண்ணியில நனைச்சு, நானே அவங்க விரல்ல சுத்தி விட்டேன். ஒண்ணொண்ணா அவிழ்த்தாங்க. நாலாவது விரலுக்கு வந்தப்ப மெட்டு கிளம்புச்சு. ஒரு நிமிசம் நாப்பது செகண்டு. கேட்டுப் பார்த்தா பாதி கச்சான் இரைச்சல்தான். "காத்துத்தான் கேக்குது, அழிச்சுரு"ன்னாங்க.

அழிக்கல.